இரத்தக் காட்டேரியும் செத்தல் மிளகாயும்

"கமராவைச் சுழற்றி அறை முழுவதையும் ஒருமுறை காட்டுங்கள்," என்றார் பரீட்சைக் குழுவின் தலைவர்.

மடிக்கணினியை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு மெதுவாகத் திரும்பினேன். பிள்ளை பெற்று இரண்டு கிழமைதான். தையல் போட்ட இடம் சுள்ளென்று இழுத்தது. திரையில் மூன்று சதுரங்களுக்குள் மூன்று பேர் இருந்தார்கள். தலைவர், என்னை இத்தனை வருடமும் வழிநடத்திய பேராசிரியை, இன்னொரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த வெளிப் பரீட்சகர். அந்த மூன்றாமவர் வாழ்நாள் முழுவதும் இரத்தம் குடிக்கும் பேய்களைப் பற்றியே எழுதிப் பெயர் வாங்கியவர்.

முதலில் சோபா தெரிந்தது. பிறகு ஜன்னல், அதன் சட்டத்தில் செருகியிருந்த காய்ந்த வேப்பங்குழை. பிறகு நான் சாய்ந்திருந்த தலையணை, அதன் கீழிருந்து எட்டிப்பார்த்த இரும்புக் கத்தியின் பிடி. கடைசியாகப் புத்தக அலுமாரியும், அதன் மூலையில் பின்னல் போட்டுத் தொங்கிய ஒரு முழ நீள உள்ளிப்பூண்டும்.

வெளிப் பரீட்சகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"மன்னிக்கவேண்டும். இது உங்கள் உரையின் ஒரு பகுதியா?"

"இல்லை," என்றேன். "இது சமையலுக்கு."

கத்தியும் சமையலுக்கா என்று அவர் கேட்கவில்லை. என் பேராசிரியை உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்து எதையோ எழுதுவதுபோலப் பாவனை செய்தார்.

முழங்கால் காட்டிய அக்கா

நான் பேர்லினுக்குக் குடிவந்த கதையைச் சென்ற வாரம் படித்துவிட்டு ஒரு வாசகி தொலைபேசியில் அழைத்தார். "எல்லாம் எழுதுறியள், என்ன படிச்சனீங்கள் எண்டதை மட்டும் மறைச்சுப் போட்டியள்," என்று உரிமையோடு கோபித்துக்கொண்டார். நான் மறைக்கவில்லை. சொல்லிப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலக் கதைகளில் வரும் இரத்தக் காட்டேரிகளும், அந்தக் காலத்து மனிதர்களின் பயங்களும். இதுதான் என் ஆராய்ச்சி. இதற்காகத்தான் எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை ஐந்தாறு வருடம் கண்விழித்துப் படித்தது.

அம்மா இதை ஒருவருக்கும் சொன்னதில்லை. "மூத்தவள் டொக்டருக்குப் படிக்கிறாள்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அது பொய்யில்லை, ஆனால் அதை நம்பி வந்தவர்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அம்மா வசிக்கும் கொலோன் நகரில் ஒரு கலியாண வீட்டில், சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது, முன்பின் தெரியாத ஓர் அக்கா சேலையைச் சற்று உயர்த்தி முழங்காலைக் காட்டினார். "பிள்ளை, இதிலை அமத்தினால் நோகுது." நான் என்ன செய்வேன்? அமத்திப் பார்த்தேன். "ஓம் அக்கா, வீங்கித்தான் இருக்கு," என்றேன். கைராசிக்காரி என்று அம்மாவிடம் போய்ச் சொன்னாராம்.

பல் முளைத்த பயம்

அந்தக் காலத்து இங்கிலாந்துக்காரர்களுக்கு எதுதான் இல்லை? ரயில் இருந்தது, தந்தி இருந்தது, பாதி உலகம் இருந்தது. எங்கள் தீவும் அவர்கள் கைக்குள்தான் கிடந்தது. இப்படிப்பட்டவர்கள் எதற்குப் பயப்பட வேண்டும்?

எல்லாவற்றுக்கும் பயந்தார்கள். வெளியே சொல்ல வெட்கப்படும் நோய் இரத்தத்தில் கலந்து பிள்ளைகளுக்கும் போய்விடுமோ என்று பயந்தார்கள். பெண்கள் படிக்கவும் வேலைக்குப் போகவும் ஆசைப்படுகிறார்களே, இன்னும் எதற்கெல்லாம் ஆசைப்படுவார்களோ என்று பயந்தார்கள். தாங்கள் பிற நாடுகளுக்குப் போய்ச் செய்ததை யாராவது தங்கள் நாட்டுக்கு வந்து திருப்பிச் செய்துவிட்டால் என்ன ஆகும் என்பது பெரிய பயம். இத்தனையையும் ஓர் உடம்புக்குள் போட்டு அடைத்து, இரண்டு நீளப் பல்லையும் வைத்து, தூங்கும் பெண்ணின் கட்டிலருகே அனுப்பிவைத்தார்கள். கேட்டால், வெறும் கதைதானே என்பார்கள்.

அந்தக் கதைகளில் வரும் அந்நியன் நல்ல உடுப்புப் போட்டிருப்பான். மரியாதையாகக் கதைப்பான். ஊர்க்காரர்களைவிடத் திருத்தமாக அவர்களது மொழியைப் பேசுவான். நல்ல தெருவில் வீடு தேடுவான். இதை முதன்முதலாகப் படித்தபோது நான் நூலகத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அச்சொட்டாக என் அப்பா! அகதியாக வந்து, இரவுப் பள்ளியில் டொச்சு என்னும் ஜெர்மன் மொழியைத் திருத்தமாகப் படித்து, கோட்டுப் போட்டுக்கொண்டு நல்ல தெருவில் வீடு பார்க்கப் போவார். கதவைத் திறந்தவர்களின் முகம் எப்படிப் போகும் என்பதைக் கையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். ஒருவரும் அவரை உள்ளே வாருங்கள் என்று சொன்னதில்லை.

என் ஆய்வில் ஓர் அத்தியாயத்தை மட்டும் நான் கோபத்தோடு எழுதினேன். நோயாளிப் பெண்ணின் படுக்கையைப் பற்றியது அது. இந்தக் கதைகளில் பெண் வெளிறிப்போய்ப் படுத்திருப்பாள். கட்டிலைச் சுற்றிப் பெரியவர்கள் நிற்பார்கள். ஜன்னலை மூடுவார்கள், எழும்பாதே என்பார்கள், வாசலுக்கு வெளியே போய்க் குசுகுசுப்பார்கள். என்ன ஆபத்து என்று மட்டும் அவளிடம் சொல்லமாட்டார்கள். காட்டேரி அவளது இரத்தத்தை எடுக்கிறது, காவல்காரர்கள் அவளது வாயை எடுக்கிறார்கள், இரண்டு பேரும் கூட்டுக் களவாணிகள் என்று எழுதியிருந்தேன். எழுதும்போது எனக்கு வயிற்றில் பிள்ளை இல்லை.

முப்பத்தொன்றுவரை அசையாதே

பரீட்சைக்கு நாள் குறித்தபோது பிள்ளை பிறக்க அதற்குப் பிறகும் சில நாள் இருந்தது. கணக்கெல்லாம் சரியாகப் போட்டிருந்தேன். என் மகளுக்கு அந்தக் கணக்குப் பிடிக்கவில்லை. மூன்று கிழமை முன்னதாகவே வந்து குதித்துவிட்டாள்.

செய்தி கேட்டதும் அம்மா கொலோனிலிருந்து ரயிலேறினார். ஒரு பெட்டி நிறையச் சரக்குத்தூளும் பெருங்காயமும் வேப்பங்குழையும். இன்னொரு பெட்டி நிறையச் சட்டங்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு. கோயிலுக்குப் போகக்கூடாது என்பது மட்டும் இல்லை, பிள்ளை பெற்றவள் வாசற்படி தாண்டக்கூடாது. தலையில் துணி கட்டவேண்டும், காதில் பஞ்சு அடைக்கவேண்டும், குளிர்காற்றுப் படக்கூடாது. புத்தகம் வாசிக்கக்கூடாது, கண் பழுதாகிவிடும். மூன்று வேளையும் உள்ளி, பால்சுறாப் புட்டு, பத்தியக்கறி. சுறாவும் உள்ளியும் பேர்லினின் நொய்கெல்ன் பகுதித் தமிழ்க்கடையிலிருந்து வந்தன. தாயையும் பிள்ளையையும் பார்க்க வீட்டுக்கு வரும் தாதியம்மா ஜன்னலைத் திறந்துவைத்து, கொஞ்சம் நடக்கச் சொல்லிவிட்டுப் போவார். அவர் படியிறங்கும் சத்தம் அடங்குவதற்குள் அம்மா ஜன்னலைச் சாத்திவிடுவார்.

இதையெல்லாம் சகிக்கலாம். காலையில் எழும்பியதும் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, "எப்பிடிப் போகுது? கூடவோ? என்ன நிறம்?" என்று உதிரப்போக்கைப் பற்றி அம்மா விசாரிப்பதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முப்பது வயது தாண்டிய பிள்ளையிடம் இது என்ன கேள்வி?

"அம்மா, எனக்குச் சோதினை இருக்கு. யூனிக்குப் போகவேணும்."

"ஏலாது."

"டெர்மின் எடுத்து நாள் குறிச்சாச்சு. மாத்தேலாது."

"சோதினை பேந்தும் வரும். உடம்பு பேந்து வராது."

சோதினை பேந்து வராது என்பதுதான் சிக்கல். என் பேராசிரியை அந்த மாதக் கடைசியில் வெளிநாட்டுக்குப் போகிறார், ஒரு வருடத்துக்குத் திரும்பமாட்டார். எனக்கு ஒரு பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் வேலை பேசிவைத்திருந்தார்கள். தவணை தொடங்குவதற்குள் பரீட்சையில் சித்தியடைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். இரத்தக் காட்டேரி படித்தவர்களுக்கு வீதிக்கு வீதி வேலை கிடைக்குமா? எத்தனை வருடம் காத்திருந்து வந்த ஒன்று அது.

என் கணவர் பிரகாஷ் கோயம்புத்தூர்க்காரர். தூரத்தில், வால்டோர்ஃப் என்னும் ஊரில் மென்பொருள் வேலை. பிள்ளை பிறந்தபோது வந்து நின்றுவிட்டு, மிச்ச விடுமுறையை அம்மா போனபிறகு எடுப்பதாக ஏற்பாடு. அவரிடம் போனில் அழுதேன்.

"ஏன் நேர்ல போகணும்? ஆன்லைன்ல கேளு. இப்ப எல்லா யூனிவர்சிட்டியும் அலவ் பண்றாங்க. அத்தையும் ஹேப்பி, நீயும் ஹேப்பி," என்றார்.

கேட்டேன். அனுமதித்தார்கள். நிபந்தனைகள் இருந்தன. கதவு சாத்திய அறையில் தனியாக இருக்கவேண்டும். பரீட்சை நடக்கும்போது வேறு யாராவது அறைக்குள் நுழைந்தால் அத்தோடு பரீட்சை முடிந்தது, செல்லாது. அம்மாவுக்கு இதை மூன்று தரம் விளங்கப்படுத்தினேன்.

அம்மாவும் நிபந்தனைகள் வைத்தார். தலைத்துணி அவிழ்க்கக்கூடாது. முதுகுக்குத் தலையணை, அதன் கீழ் பேய்பிசாசு அண்டாமல் இரும்புக் கத்தி. காதில் பஞ்சு. பஞ்சோடு கேள்வி எப்படிக் காதில் விழும் என்று நான் அழாக்குறையாகக் கேட்டபோது, காதுக்குள் செருகும் கேட்பொறியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது காதை வடிவா அடைக்குமோ?"

"அடைக்கும்."

"அப்ப சரி. ஏதோ ஒண்டு அடைச்சால் காணும்."

ஷிஷாக் கரி

மறுபடி அந்த அறைக்கு வருகிறேன்.

முதல் அரைமணி நேரம் நன்றாகவே போனது. என் உரையைத் திக்காமல் சொல்லிமுடித்தேன். பேராசிரியை கேட்டவை எனக்குத் தெரிந்த கேள்விகள். பிறகு வெளிப் பரீட்சகர் தாடியைத் தடவிக்கொண்டு தொடங்கினார்.

"காட்டேரி தானாக ஒரு வீட்டுக்குள் நுழைய முடியாது, உள்ளிருப்பவர் அழைக்கவேண்டும் என்று ஒரு விதி இந்த மரபில் வருகிறது. அந்த விதிக்குப் பின்னால் என்ன பயம் இருக்கிறது?"

இந்தக் கேள்விக்காக நான் காத்திருந்தேன். பதில் சொல்லத் தொடங்கும்போதுதான் தொண்டையில் ஏதோ கமறியது.

அம்மா என்ன செய்துகொண்டிருந்தார் என்பது பிறகுதான் எனக்குத் தெரியும். இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அம்மாவின் கணக்குப்படி, பச்சை உடம்புக்காரியை முன்பின் தெரியாத ஆட்கள் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் அவள் கெட்டிக்காரத்தனமாகக் கதைக்கிற நேரத்தில். கண்ணூறு நாவூறு படாமல் வேறு என்ன படும்? அறைக்குள் வரக்கூடாது என்றுதானே சொன்னேன், நாவூறு கழிக்கக்கூடாது என்று சொல்லவில்லையே. தூங்கிய பிள்ளையைப் படுக்கையறையில் விட்டு, கதவிடுக்கை ஈரத் துவாயால் அடைத்திருக்கிறார். பிறகு ஒரு கை நிறையக் காய்ந்த செத்தல் மிளகாயும் உப்பும் கடுகும் எடுத்து, நான் இருந்த அறையின் சாத்திய கதவுக்கு முன்னால் நின்று மூன்று தரம் சுற்றியிருக்கிறார். என் தலைக்கு மேலே செய்யவேண்டியது. கதவுக்குச் செய்தாலும் பலிக்கும் என்று முடிவெடுத்துவிட்டார்.

நெருப்புக்கு என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? எங்கள் தெருவில் ஹூக்கா புகைக்கும் ஷிஷாக் கடைகளுக்குக் குறைவில்லை. எனக்குச் சாம்பிராணி பிடிக்க அவர்கள் புகைக்கும் கரியைத்தான் அம்மா வாங்கிவைத்திருந்தார். சதுரமாக, கறுப்பாக, ஒருமுறை பற்றிவிட்டால் இலேசில் அணையாது. அதைச் சட்டியில் கனிய வைத்து, அதன்மேல் அத்தனை மிளகாயையும் கொட்டியிருக்கிறார்.

செத்தல் மிளகாய் கருகும் புகையை முகர்ந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. முகராதவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

எங்களுடைய நம்பிக்கை என்னவென்றால், நாவூறு இருந்தால் மிளகாய் கமறாது. கமறி எல்லோரும் இருமினால் நாவூறு ஒன்றும் இல்லை. நான் கதவுக்கு உள்ளே இருமினேன். அம்மா வெளியே இருமினார். கீழ்மாடியில் யாரோ படிக்கட்டில் நின்று இருமினார்கள். இருமலுக்கு நடுவே அம்மாவின் குரல் சந்தோஷமாகக் கேட்டது.

"பாத்தியே பிள்ளை, நாவூறு ஒண்டும் இல்லை! இந்தக் கமறு கமறுது!"

அப்போதுதான் அறைகளுக்கு வெளியே வீட்டு நடைபாதைக் கூரையிலிருந்த புகை அலாரம் அலறத் தொடங்கியது. படுக்கையறை அலாரத்தைப் பிரகாஷ் சாம்பிராணிக்காக முன்னமே கழற்றி வைத்திருந்தார். நடைபாதையில் இருந்தது எங்கள் எவருடைய நினைவிலும் இல்லை.

"அங்கே எல்லாம் சரியா?" என்றார் தலைவர்.

"சரி, சரி. அம்மா சமைக்கிறார்," என்றேன். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எழும்பிப் போய்ப் பார்த்தால் அறையை விட்டு வெளியேறியதாகிவிடும். வெளியேறினால் பரீட்சை போச்சு. அம்மா கதிரையில் ஏறித் தும்புத்தடியால் அலாரத்தைக் குத்தும் சத்தம் கேட்டது. அலறல் நின்றது. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பதிலைத் தொடர்ந்தேன்.

"அழைத்தால்தான் வரமுடியும் என்ற விதி வீட்டைக் காப்பாற்றுவதற்கு இல்லை. குற்றத்தை இடம் மாற்றுவதற்குத்தான். பிறகு என்ன நடந்தாலும் திறந்தவள் தலையில் போடலாம். திறப்பவள் பெரும்பாலும் ஒரு பெண்..."

வாசல் மணி அடித்தது.

தலை உள்ளே, கால் வெளியே

கீழ்வீட்டுக்காரர் தீயணைப்புப் படையைக் கூப்பிட்டுவிட்டார். எங்கள் வாசலில் தலைக்கவசமும் பெரிய சப்பாத்துமாக மூன்று ஆம்பிளைகள்.

அம்மாவுக்கு இந்த நாட்டில் முப்பது வருடப் பழக்கம். உணவகச் சமையலறையிலும் துப்புரவு வேலையிலும் படித்த டொச்சு மொழி அவருடையது. இலக்கணம் இருக்காது, பயமும் இருக்காது.

"நைன்! வேண்டாம்! உள்ளே இல்லை! பேபி! குட்டிப் பேபி!"

"அம்மா, புகை வருகிறது. நாங்கள் பார்த்தே ஆகவேண்டும்," என்றார் அவர்களில் ஒருவர்.

"நெருப்பு இல்லை. மிளகாய். பொறு." அம்மா சமையலறைக்குள் போய்ச் சட்டியோடு திரும்பிவந்து அவர்களின் மூக்குக்கு நேரே நீட்டியிருக்கவேண்டும். மூன்று பேரும் ஒரே நேரத்தில் இருமிய சத்தம் எனக்கு மட்டும் இல்லை, திரையில் இருந்தவர்களுக்கும் கேட்டது.

"எல்லா அறைகளையும் பார்க்கவேண்டும், அம்மா. அது விதி," என்றது இருமலுக்கிடையே ஒரு குரல்.

"ஓராள் வா. ஷூஹே அவுஸ்!"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். தீயணைப்புப் படைவீரரிடம் சப்பாத்தைக் கழற்றச் சொல்கிறார். பிள்ளை பெற்ற வீட்டுக்குள் வெளிச் சப்பாத்தோடு யாரும் வரமுடியாது. அரசாங்கமே வந்தாலும் முடியாது. பிறகு, நம்பமாட்டீர்கள், கொக்கிகள் கழலும் சத்தம் கேட்டது.

இங்கே தலைவர் தொண்டையைச் செருமினார். நல்ல மனிதர், ஆனால் விதி விதிதான். "யாராவது உங்கள் அறைக்குள் நுழைந்தால் நான் பரீட்சையை நிறுத்தவேண்டிவரும். புதிதாக விண்ணப்பம் போட்டு, புதிதாக நாள் எடுத்து..."

புதிதாக நாள் எடுக்க எனக்கு எங்கே நாள் இருந்தது? நெஞ்சு அடித்த அடியில் எனக்குப் பால் சுரந்து சட்டை நனைந்தது. கமராவில் தெரியாதபடி தலைத்துணியின் நுனியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டேன். என்னுடைய ஐந்தாறு வருடம் ஒரு தீயணைப்புப் படைவீரரின் காலுறையில் வந்து நிற்கிறது என்று நினைத்தேன்.

"அம்மா!" என்று தமிழில் கத்தினேன். "அவரை உள்ள விடாதேங்கோ! உள்ள வந்தால் சோதினை போச்சு!"

"எனக்குத் தெரியும், நீ கத்தாதை! பிள்ளை எழும்பப்போகுது!"

கதவு மெல்லத் திறந்தது. ஒரு சாண் அளவுக்குத்தான். அந்த இடைவெளியில், அம்மாவின் கைக்கு மேலாக, சிவந்த கண்களோடு ஓர் இளம் முகம் உள்ளே எட்டிப்பார்த்தது. வேப்பங்குழையைப் பார்த்தது. உள்ளிப் பின்னலைப் பார்த்தது. தலையில் துணி கட்டிக் கண்ணீர் வடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தது. திரையிலிருந்த மூன்று பேரையும் பார்த்தது.

"வணக்கம்," என்றது முகம். "இங்கே எரிகிறதா?"

"இல்லை," என்றேன். "பரீட்சை."

"ஓ. வெற்றி பெறுங்கள்." கதவு சாத்திக்கொண்டது.

திரையில் தலைவர் தன் முன்னாலிருந்த விதிக்கோவையைப் புரட்டினார்.

"அவர் அறைக்குள் நுழைந்தார்," என்றார் தலைவர் கவலையோடு.

"நுழையவில்லை. தலையை நீட்டினார்," என்றார் பேராசிரியை.

"தலை உள்ளே வந்தால் ஆள் வந்தமாதிரித்தானே?"

"கால் எங்கே இருந்தது? அதுதான் கேள்வி," என்று வெளிப் பரீட்சகர் இடையில் புகுந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. வாழ்நாள் முழுவதும் வாசற்படியில் நிற்கும் உருவங்களைப் பற்றிப் படித்தவருக்கு, முதன்முறையாக ஒன்று நேரில் வந்து தலைநீட்டியிருக்கிறது. "இந்த மரபு முழுவதிலும், வாசற்படியைக் கால் தாண்டாதவரை நுழைந்ததாக யாரும் கணக்கெடுப்பதில்லை. அதோடு, அவரை இந்த அறைக்குள் ஒருவரும் அழைக்கவும் இல்லை. நிறுத்தும்படிதான் சத்தம் கேட்டது."

கால் எங்கே இருந்தது என்று தலைவர் என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கதவுக்கு வெளியே கேட்டுச் சொல்லும்படி சொன்னார்.

"அம்மா! அவரின்ரை கால் எங்கை நிண்டது?"

"வெளியிலை! நான் என்ரை காலாலை மறிச்சுக்கொண்டெல்லோ நிண்டனான்!"

மொழிபெயர்த்தேன். தலைவர் குனிந்து எதையோ குறித்துக்கொண்டார். "நுழைவு நிகழவில்லை," என்றார். "தொடருங்கள். திறப்பவள் ஒரு பெண் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்."

தொடர்ந்தேன். மிச்சம் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. நன்றாகச் சொன்னதாகப் பேராசிரியை பிறகு எழுதியிருந்தார்.

அவர்கள் தனியே கலந்துபேசப் போனபோது திரை கறுத்தது. அந்தக் கறுப்புக்கு முன்னால் ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். மூன்று சதுரங்களும் மறுபடி வெளிச்சமானபோது மூவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு தலைவர் சொன்ன சம்பிரதாய வசனம் எதுவும் எனக்குக் கேட்கத் தேவைப்படவில்லை. அப்பாடா என்று தலையணையில் சாய்ந்தேன். கத்தியின் பிடி முதுகில் குத்தியது. அதுகூட இதமாக இருந்தது.

நடைபாதையில்

கதவைத் திறந்தேன். அம்மா நடைபாதைத் தரையில், சுவரில் சாய்ந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். வீடெல்லாம் இன்னும் மிளகாய் வாசம். வாயைத் திறந்து சொல்லப்போனேன். அம்மா முந்திக்கொண்டார்.

"இவ்வளவு நேரமும் இருந்தனீ. எப்பிடிப் போகுது? கூடவோ?"

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. முதல் கேள்வி இதுவா? "இல்லையம்மா. குறைஞ்சுகொண்டு வருது."

"நிறம்?"

"மங்கிப்போச்சு. ஒண்டும் இல்லை."

அம்மா மூச்சை விட்டார். அத்தனை நாளும் பிடித்துவைத்திருந்த மூச்சு அது என்று எனக்கு அப்போது தெரியாது. பிள்ளையைப் பார்த்தபடியே சொன்னார்.

"உன்ரை தம்பி பிறந்து ரெண்டாம் கிழமை எங்களை இடம்பெயரச் சொன்னவங்கள். அவனையும் தூக்கிக்கொண்டு நடந்தனான். ஒரு பள்ளிக்கூடத்திலை படுத்திருக்கேக்கை எனக்கு உடைச்சுக்கொண்டு போகத் தொடங்கிட்டுது. பாயெல்லாம் ரத்தம். வண்டிலிலை ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவை. ஆரோ ஒராள் ரத்தம் தந்தது. ஆரெண்டு தெரியாது, என்ன ஆக்களெண்டும் தெரியாது. அதாலைதான் இருக்கிறன்."

எனக்கு அந்த நாட்களில் சித்தி வீட்டில் விடப்பட்டது மட்டும்தான் நினைவிருக்கிறது. சித்தி முட்டை பொரித்துத் தந்தார். ஐந்தாறு வருடம் இரத்தத்தைப் பற்றி எழுதினேன். யாருடைய இரத்தம் யாருக்குள் போய்விடுமோ என்று பயந்து செத்த சீமான்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். என்னைப் பெற்றவருக்குள் ஓடியது எவருடையது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

"ஏனம்மா முதலே சொல்லேல்லை? நான் ஒவ்வொரு நாளும் உங்களோடை சண்டை பிடிச்சனான்."

"பிள்ளைப்பெத்தவளுக்கு ஆரும் உதைச் சொல்லுவினமோ? பயந்துபோவாய். பயந்தால் பால் வத்திப்போகும்." அம்மா என் தலைத்துணியைச் சரிசெய்துவிட்டார். "ரெண்டாம் கிழமைதான் எனக்குப் பயம். இந்தக் கிழமை முழுக்க நான் கண்மூடேல்லை. இண்டைக்கு அது முடிஞ்சுது. உனக்கு ஒண்டும் இல்லை."

நான் அழுதேன். இந்த முறை மிளகாயால் இல்லை. அம்மாவுக்கு அருகே தரையில் மெல்ல உட்கார்ந்தேன். குளிரும் என்று அவர் சொல்லவில்லை. தன் சேலைத் தலைப்பை விரித்து அதன்மேல் இருத்தினார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு மற்றது நினைவுக்கு வந்தது.

"அதுசரி, சோதினை என்ன மாதிரி?"

"பாஸ் அம்மா."

"அப்ப நாங்கள் ரெண்டு பேரும் பாஸ்," என்றார் அம்மா. பிள்ளையை என் கையில் தந்துவிட்டு, அந்தத் தரையிலேயே காலை நீட்டிப் படுத்தார். பட்டப்பகலில், நான் ஒரு பேச்சுப் பேசுவதற்குள், தூங்கிப்போனார்.